பீடோரில் பட்டுப்புழு வளர்த்தால் கட்டுபடியாகுமா?

செம்பனை மகன் | ஞாயிறு, இரவு 9.20

வணக்கம். நேற்று நம்ம பீடோரில் (பேராக், மலேசியா) ஒரு மண்டபத்தில் பட்டுப்புழு வளர்ப்பு பற்றி விளக்கக் கூட்டம் நடந்தது. வாட்ஸ்அப்பில் சுற்றிய அழைப்புதான். போய்ப் பார்த்தேன். மல்பெரிக் கன்று, முட்டை, தட்டு, பயிற்சி எல்லாம் சேர்த்து 3,000 வெள்ளி (ரிங்கிட்). புழு கட்டும் கூட்டை அவர்களே திருப்பி வாங்கிக்கொள்வார்களாம். கிலோ என்ன விலை என்று கேட்டேன். ‘மார்க்கெட்டைப் பொறுத்து’ என்றார்கள். எந்த மார்க்கெட் என்று கேட்பதற்குள் மீஹூன் பரிமாற ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் என்னிடம் இருக்கிறது. செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, மரமெல்லாம் கிழடு தட்டி, குலை வெட்ட ஆள் கிடைக்காத உயரத்துக்குப் போய்விட்டது. மறுநடவு செய்தால் காசு பார்க்க மூன்று வருஷம் ஆகும். மல்பெரி என்றால் ஆறு மாதத்தில் இலை தயார், அப்புறம் ஒரு மாதத்துக்கு ஓர் அறுவடை என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. புழு வளர்த்தவர்கள், வளர்த்தவர்களைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

குட்டி லயம் | ஞாயிறு, இரவு 9.31

அகில் மரம் வந்தது, அட்டை வளர்ப்பு வந்தது, பறவைக்கூடு வந்தது. இப்போது புழு. நம்ம ஆட்களின் சேமநிதிப் பணத்தைக் கண்டால் எந்த ஜீவராசிக்கும் சும்மா இருக்க முடிவதில்லை.

ஊசிநூல் | ஞாயிறு, இரவு 10.05

தம்பி, கூட்டை வாங்கி அவர்கள் என்ன செய்வார்கள்? அதை முதலில் கேள்.

எனக்குத் தையல் கடை. என் கைக்கு வரும் பட்டெல்லாம் காஞ்சிபுரம், ஆரணி, பெங்களூரு. பட்டு என்று சொல்லிக்கொண்டு வருவதில் பாதி, சூரத் பாலியஸ்டர். போன தீபாவளிக்கு ஓர் அம்மா ‘அசல் காஞ்சிபுரம்’ என்று கொண்டுவந்த சேலையின் முந்தானை ஓரத்தில் இரண்டு இழை உருவிக் கொளுத்திப் பார்த்தேன். பட்டு என்றால் தலைமுடி தீய்ந்த வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். இதுவோ உருகி, கறுப்பு மணியாக உருண்டு ஊசிமுனையில் ஒட்டிக்கொண்டது. அவர் கொடுத்த விலையைக் கேட்ட பிறகு எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. ரவிக்கையைத் தைத்துக் கொடுத்து அனுப்பினேன்.

ஜனம் பாலியஸ்டரைப் பட்டென்று வாங்கிக்கொண்டிருக்கிற ஊரில், உன் கூட்டிலிருந்து நூல் இழுக்கப்போவது யார், எங்கே? அந்தப் பட்டறையின் விலாசத்தை வாங்கிக்கொண்டு பணம் கட்டு.

தர்மபுரிக்காரன் | திங்கள், நள்ளிரவு 12.40

இப்போதுதான் கடை மூடினோம், அதனால் தாமதம். நான் இங்கே சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் பென்னாகரம் பக்கம். வீட்டில் இன்றைக்கும் பட்டுப்புழுதான் சோறு போடுகிறது.

அண்ணே, உங்களுக்கு முட்டையாகவே தருகிறேன் என்றார்களா? ஊரில் நாங்கள் முட்டையை வாங்குவதில்லை. பொரிந்து வரும் புழு கறுப்பாக, மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். அதைக் காப்பாற்றி எடுப்பதே தனித் தொழில், அதற்குச் சாக்கி மையங்கள் உண்டு. இரண்டு தடவை தோலுரித்து முடித்த புழுவைத்தான் அங்கிருந்து வாங்கி வருவோம். 100 முட்டைத்தொகுதி என்பது எங்கள் கணக்கு. ஒரு தாய்ப்பூச்சி இடுவது ஒரு தொகுதி, அதில் 400, 500 முட்டை. ஆக 100 தொகுதிக்கு 40,000 புழுவுக்கு மேல்.

நான்கு முறை தோலுரிக்கும். அப்போது ஒரு நாள் தின்னாமல், தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடக்கும். அந்த நேரம் இலை போடக்கூடாது. சுண்ணாம்புத்தூள் தூவிப் படுக்கையை உலரவிட வேண்டும். நான்காவது தோல் கழன்ற பிறகு வரும் ஒரு வாரம்தான் ஆளை முறிக்கும். புழு தன் வாழ்நாளில் தின்னும் இலையில் ஐந்தில் நான்கு பங்கை அந்த ஒரு வாரத்தில் தின்னும். 100 தொகுதிக்கு மொத்தம் ஒரு டன் இலை வரை போகும். விடிகாலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு, ராத்திரி ஒரு கட்டு என்று கிளையோடு வெட்டிச் சுமந்து வர வேண்டும். அந்த வாரம் வீட்டில் சாவு விழுந்தால்கூட ஒருத்தர் புழுவோடு இருந்தாக வேண்டும்.

அப்புறம் பழுக்கும். பழுத்த புழு என்றுதான் சொல்வோம். தின்பதை நிறுத்திவிட்டு உடம்பு கொஞ்சம் சுருங்கும், வெள்ளை போய் மஞ்சள் ஓடும். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் கழுத்துப் பக்கம் கண்ணாடியாகத் தெரியும். எங்கள் அம்மா ஒரு தட்டைப் பார்த்த பார்வையிலேயே பழுத்ததையெல்லாம் பொறுக்கிவிடுவார். எனக்கு இன்னும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். பொறுக்கியதைச் சந்திரிகையில், அதாவது கூடு கட்டவிடும் மூங்கில் தட்டில், விட வேண்டும், இப்போதெல்லாம் பிளாஸ்டிக்கிலும் வந்துவிட்டது. முதலில் பிடிமானத்துக்குக் கொஞ்சம் நூலைத் தாறுமாறாக இழுத்துக் கட்டும். அப்புறம் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 8 போட்டபடி, இரண்டு மூன்று நாள் நிறுத்தாமல் சுற்றும். வாயிலிருந்து இரண்டு இழை சேர்ந்து வரும், மேலே ஒரு பசை பூசியிருக்கும். ஒரு கூட்டில் அறுந்துபோகாத ஒரே நூல், நல்ல ரகம் என்றால் ஒரு கிலோமீட்டருக்கும் மேல்.

முட்டை பொரிந்ததிலிருந்து இது வரைக்கும் 25, 28 நாள். அவர்கள் சொன்ன ‘ஒரு மாதம்’ பொய்யில்லை. ஆனால் அந்த மாதத்தில் நீங்கள் வேறு வேலைக்குப் போக முடியாது என்பதைச் சொன்னார்களா?

செம்பனை மகன் | திங்கள், காலை 7.15

சொல்லவில்லை. ‘இல்லத்தரசிகள் ஓய்வு நேரத்தில் செய்யலாம்’ என்றுதான் சொன்னார்கள். அம்மாவிடம் உங்கள் பதிவைப் படித்துக் காட்டினேன். ‘ஓய்வு நேரமா? அது எந்த நேரம்?’ என்று கேட்டார்.

தம்பி, நம்ம ஊர் வெயிலுக்குப் புழு தாங்குமா? மத்தியானம் 33 டிகிரி சர்வசாதாரணம்.

தர்மபுரிக்காரன் | திங்கள், பிற்பகல் 3.50

புழுவுக்குத் தோதானது 24இலிருந்து 28 டிகிரி. எங்கள் ஊரிலும் கோடையில் எகிறும். ஈரச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டுச் சமாளிப்போம், அங்கே காற்று காய்ந்திருக்கும். இங்கே கதையே வேறு. வெப்பமும் உண்டு, ஈரமும் உண்டு. அது இரண்டும் சேர்ந்தால் பால்புழு நோய் வரும். புழு வீங்கி, தோல் பளபளத்து, தொட்டால் பால் மாதிரி நீர் கசியும். ஒரு தட்டில் ஒன்றைப் பார்த்தால் சாயங்காலம் நூறு. ஈரம் தேங்கினால் சுண்ணாம்புக்கட்டி நோயும் வரும், செத்த புழு வெள்ளையாய்க் கட்டி தட்டிப்போகும். கூடு கட்டும் நேரத்தில் காற்றோட்டம் இல்லாவிட்டால் நூல் சரியாகப் பிரிந்து வராது, விலை போச்சு.

முடியவே முடியாது என்று சொல்லமாட்டேன். தாய்லாந்தின் ஈசான் பக்கம் கிராமத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வளர்க்கிறார்கள். அது வெப்பம் தாங்கும் நாட்டு ரகம், மஞ்சள் கூடு கட்டும், நூல் நீளம் குறைவு. அவர்கள் வீட்டிலேயே பானையில் வேகவைத்து, வீட்டிலேயே நூல் இழுத்து, வீட்டிலேயே நெய்வார்கள். உள்ளே இருக்கிற கூட்டுப்புழுவையும் தின்றுவிடுவார்கள்.

குட்டி லயம் | திங்கள், பிற்பகல் 4.02

தாய்லாந்துப் பட்டு என்றதும் எனக்கு அதை உலகத்துக்குக் கொண்டுபோன அமெரிக்கர் ஜிம் தாம்சன் ஞாபகம்தான். நம்ம கேமரன் மலையில்தானே ஆள் காணாமல் போனார்! புலி அடித்திருக்கும் என்று எங்கள் தாத்தா...

நெறியாளர் | திங்கள், பிற்பகல் 4.30

ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26 அன்று தானா ராத்தாவில் தங்கியிருந்த பங்களாவிலிருந்து நடக்கப் போனவர் திரும்பவில்லை. போலீஸ், ராணுவம், பூர்வகுடி வழிகாட்டிகள் என்று தேடியும் துப்புக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். புலி, மந்திரவாதி, சி.ஐ.ஏ. எல்லாவற்றுக்கும் வேறு விவாத இழை இருக்கிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள். இங்கே புழு.

பிளாக் 14 | திங்கள், இரவு 8.10

நான் தோட்டத்தில் வெளிவேலை மேற்பார்வை. இரண்டு விஷயம்.

முதலாவது, உங்கள் நிலத்தைச் சுற்றி என்ன இருக்கிறது? செம்பனைதான். ஹிலிர் பேராக் பக்கம் மூட்டைப்புழு வந்தால் என்ன பாடு என்று எல்லாருக்கும் தெரியும். ஓலையைச் சுரண்டித் தின்றுவிட்டு, இலைத்துணுக்கைப் பட்டுநூலால் ஒட்டி ஒரு பை செய்து அதற்குள்ளே தொங்குமே, அதுதான். ஆமாம், அதுவும் பட்டுதான் இழைக்கிறது, நமக்குப் பிரயோஜனம் இல்லாத பட்டு. அதற்கு நாங்கள் அடிப்பது பி.டி. என்கிற பாக்டீரியா மருந்து, பெரிய தாக்குதல் என்றால் விமானத்திலிருந்தே தெளிப்பார்கள். மனுஷனுக்கு ஒன்றும் செய்யாது, தேனீக்கும் ஒன்றும் செய்யாது. ஆனால் இலை தின்கிற கம்பளிப்புழு வகை எதையும் விடாது. பட்டுப்புழுவும் அந்த வகைதான்.

வேடிக்கை என்னவென்றால் அந்தப் பாக்டீரியாவை முதன்முதலில் கண்டுபிடித்ததே செத்த பட்டுப்புழுவில்தான். 1901இல், ஜப்பானில், இஷிவாத்தா என்பவர். புழு திடீர் திடீரென்று சுருண்டு விழுகிறதே என்று ஆராயப் போனார். பத்து வருஷம் கழித்து ஜெர்மனியில் மாவுப்பூச்சியில் அதே பாக்டீரியாவைக் கண்டவர் துரிஞ்சியா வட்டாரத்தின் பெயரை அதற்கு வைத்துவிட்டார். பட்டு வளர்த்தவர்களுக்கு எமனாக வந்தது, இன்றைக்கு எங்கள் ஸ்டோரில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கிறது.

இரண்டாவது, டெங்கி. ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இரண்டு பேருக்குக் காய்ச்சல் என்றால் மறுநாள் புகையடிக்க வந்துவிடுவார்கள். அந்தப் புகை உங்கள் புழு வளர்ப்பு மனைக்குள் போனால் 40,000 புழுவும் காலி. நஷ்டஈடு யார் தருவார்? கொசுவுக்குத்தான் அடித்தோம் என்பார்கள், அது நியாயமும்கூட.

பழைய கிராணி | திங்கள், இரவு 9.45

பிள்ளைகளே, வழக்கம்போல நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பதுகளில் எங்கள் தோட்டத்துத் துரை பங்களாவில் ஒரு சீன ஆமா இருந்தார். வீட்டு வேலை செய்யும் சீனப் பெண்ணை அப்படித்தான் சொல்வோம். வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, எண்ணெய் தடவி இழுத்துச் சீவிய கொண்டை. கல்யாணம் ஆகாதவர். எங்கள் அம்மா பங்களாவில் துணி துவைக்கப் போவார், நான் கூடவே ஒட்டிக்கொண்டு போவேன். கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த மலாயா அவசரகாலச் சமயம், லயத்தைச் சுற்றி முள்கம்பி. பங்களாவின் பின்கட்டில் இவர்கள் இருவரும் அரைகுறை மலாயில் மணிக்கணக்காகப் பேசுவார்கள்.

அந்த ஆமாவின் விரல் நுனிகளை நான் கிட்டே பார்த்திருக்கிறேன். தோல் தடித்து, ரேகையே தெரியாமல் வழுவழுவென்று இருக்கும். சீனாவில் சின்னப் பிள்ளையாய் இருந்தபோது பட்டு ஆலையில் வேலையாம். கொதிதண்ணீரில் கூடு மிதக்கும், அதைத் துடைப்பத்தால் தட்டித் தட்டி நூல் முனையைப் பிடித்து, ஏழெட்டுக் கூட்டின் முனைகளை ஒன்றாகச் சேர்த்து ராட்டையில் ஏற்ற வேண்டும். நாள் முழுக்க விரல் வெந்நீரில். ஒருநாள் எங்கள் அம்மாவின் தையல் நூலை எடுத்து, இப்படிப் பிடிக்க வேண்டும், அறுந்தால் இப்படி ஒட்ட வேண்டும் என்று காற்றில் செய்து காட்டினார். அங்கே நூல் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றியது, அவ்வளவு நிச்சயமாக விரல் நகர்ந்தது.

பிற்காலத்தில் படித்துத்தான் முழுசாக விளங்கிற்று. கான்டன் பக்கம் ஷுண்டே என்ற வட்டாரம். குளத்தைச் சுற்றி மேட்டில் மல்பெரி, இலை புழுவுக்கு, புழுவின் எச்சம் மீனுக்கு, குளத்துச் சேறு மறுபடி மல்பெரிக்கு. ஊரே பட்டு. ஆலையில் பெண்களுக்குக் கைச்சம்பளம் வந்ததால், கல்யாணமே வேண்டாம் என்று சபதம் செய்து, சடங்காகக் கொண்டை போட்டுக்கொண்டு, தங்களுக்குள் சகோதரிகளாய் வாழும் வழக்கம் அங்கே வேரூன்றியிருந்தது. 1930களில் உலகச் சந்தையில் பட்டு விலை விழுந்தது, ஆலைகள் மூடின. அந்த நேரம் மலாயாவில் அந்நியர் சட்டம் 1933இல் வந்து சீன ஆண்கள் வருவதற்கு எண்ணிக்கை வரம்பு போட்டது, பெண்களுக்குச் சில வருஷம் வரம்பில்லை. கப்பல் கப்பலாக இவர்கள் வந்தார்கள். சிங்கப்பூர், பினாங்கு, ஈப்போ, தோட்டத்துப் பங்களா என்று வீட்டு வேலைக்குப் போய், சம்பாதித்ததை ஊருக்கு அனுப்பினார்கள்.

நம்ம ஆட்கள் ரப்பர் விலைக்காகக் கப்பல் ஏறினோம், அவர்கள் பட்டு விலை விழுந்ததால் கப்பல் ஏறினார்கள். இரண்டு பேரும் ஒரு துரையின் துணியைத் துவைத்தார்கள்.

செம்பனை மகனுக்குச் சொல்ல வந்தது இதுதான்: அந்த ஆமாவின் விரல் மாதிரி விரல் இருக்கிற ஊரில்தான் புழுவுக்கு விலை.

ஊசிநூல் | திங்கள், இரவு 10.20

ஐயா, நீங்கள் எவ்வளவு நீளமாக எழுதினாலும் படிக்கலாம்.

சன்மார்க்கி | செவ்வாய், காலை 6.40

எல்லாரும் இலாபம் பேசுகிறீர்கள். உயிரோடு கூட்டுக்குள் இருக்கிற புழுவைக் கொதிநீரில் போடுவதைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லையே? ஒரு சேலைக்கு எத்தனை உயிர்? அதைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகிறோம். காஞ்சிப் பெரியவரே பட்டு வேண்டாம் என்று சொன்னவர்தான்.

தர்மபுரிக்காரன் | செவ்வாய், பிற்பகல் 3.30

ஐயா கேட்டது நியாயமான கேள்வி, பதிலும் மறைக்காமல் சொல்கிறேன். சேலையில் அரைக் கிலோவுக்கு மேல் பட்டு இருக்கும். பசை போக்கும்போது கச்சாப் பட்டின் எடையில் கால்பங்கு போய்விடும். ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஆறரை, ஏழு கிலோ கூடு. கூட்டிக் கழித்தால் ஒரு சேலைக்குச் சுமார் 3,000 உயிர்.

ஏன் கொல்கிறார்கள் என்றால், விட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் உள்ளே அந்துப்பூச்சியாகி, ஒரு திரவத்தைக் கக்கிக் கூட்டைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும். துளைத்த கூட்டில் நூல் தொடர்ச்சியாக வராது, பஞ்சு மாதிரி நூற்கத்தான் ஆகும். சரி, வெளியே வந்து என்ன செய்யும்? அதற்கு வாய் இருந்தும் தின்ன முடியாது, சிறகு இருந்தும் பறக்க முடியாது. ஆயிரக்கணக்கான வருஷமாக மனுஷன் வளர்த்து வளர்த்து அப்படி ஆக்கிவிட்டான். சேர்ந்து, முட்டையிட்டு, ஒரு வாரத்துக்குள் செத்துவிடும். அதற்காகக் கொல்வது சரி என்று சொல்லவில்லை. எங்கள் பாட்டி கூடு விற்ற பணத்தில் முதல் பத்து ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து மாரியம்மனுக்கு வைப்பார், ஏன் என்று சொன்னதில்லை.

வாத்தியார் தாப்பா | செவ்வாய், மாலை 5.15

சன்மார்க்கி ஐயா, கொல்லாமல் எடுக்கும் வழியும் உண்டு. ஹைதராபாத்தில் குசுமா ராஜய்யா என்பவர் பூச்சி வெளியேறிய கூட்டிலிருந்து நூற்று ‘அகிம்சைப் பட்டு’ என்று காப்புரிமையே வாங்கினார். பளபளப்பு குறைவு, விலை அதிகம். அசாமில் எரிப் பட்டு இருக்கிறது. அந்தப் புழு ஆமணக்கு இலை தின்னும், மரவள்ளி இலையும் தின்னும். கூட்டின் ஒரு முனை இயல்பாகவே திறந்திருக்கும், பூச்சி தானே வந்துவிடும். ஆனால் அங்கே போடோ மக்கள் உள்ளே இருக்கும் கூட்டுப்புழுவை விரும்பிச் சாப்பிடுவார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

செம்பனை மகனுக்கு வருகிறேன். தம்பி, இந்த 3,000 வெள்ளிக் கதைக்குக் கிட்டத்தட்ட 200 வயது. அமெரிக்காவில் 1830களில் மல்டிகாலிஸ் என்ற சீன மல்பெரி ரகத்தைக் கொண்டுவந்தார்கள். பெரிய இலை, கிளையை ஒடித்து நட்டால் பிடித்துக்கொள்ளும். ‘ஒவ்வொரு வீட்டிலும் பட்டு’ என்று பேச்சு. கொஞ்ச நாளில் பட்டை எல்லாரும் மறந்துவிட்டார்கள், கன்று விற்பதற்காகவே கன்று வளர்த்தார்கள். இவர் அவருக்கு விற்க, அவர் அடுத்த ஊர்க்காரருக்கு விற்க, விலை தலைகால் தெரியாமல் ஏறிற்று. 1839இல் ஒரேயடியாக விழுந்தது. ஆசையாக நட்டவர்கள் வேரோடு பிடுங்கிப் போட்டார்கள். அதில் காசு பார்த்தவர்கள் கன்றை முதலில் விற்றவர்கள் மட்டும்தான்.

அதற்கும் முன்னால், இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1609 வாக்கில் ஆயிரக்கணக்கில் மல்பெரி நட வைத்தார். பெரும்பாலும் கறுப்பு மல்பெரி, புழுவுக்கு உகந்தது வெள்ளை. பழம் தின்றதோடு சரி.

பட்டு பிழைத்த இடங்களைப் பாருங்கள். கான்ஸ்டான்டினோபிளுக்கு 550களில் துறவிகள் கைத்தடிக்குள் முட்டையை ஒளித்துக் கொண்டுபோனார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். சீன இளவரசி கோத்தானுக்கு மணமாகிப் போகும்போது கொண்டையில் மறைத்துப் போன கதையும் உண்டு. கடத்தல் கதை சுவாரஸ்யம்தான். ஆனால் முட்டை வருவதற்கு முன்பே கான்ஸ்டான்டினோபிளில் தறி இருந்தது, வெளியிலிருந்து நூல் வாங்கி நெய்துகொண்டிருந்த ஆட்கள் இருந்தார்கள். அதனால்தான் புழு வேர் பிடித்தது. காஞ்சிபுரத்தில் புழு கிடையாது, நூல் கர்நாடகத்திலிருந்து வரும், சரிகை சூரத்திலிருந்து வரும், ஆனாலும் பட்டுக்குப் பெயர் காஞ்சிபுரம். புழு இல்லாத நெசவூர் நூற்றாண்டுக் கணக்கில் வாழும். நெசவு இல்லாத ஊரில் புழு ஒரு வருஷம் தாங்காது.

கோல திரங்கானு | செவ்வாய், இரவு 8.55

வாத்தியார் சொன்னதற்குச் சாட்சி நான் இருக்கும் ஊர். திரங்கானுவில் சொங்கெட் நெய்யும் வீடு ஒன்று எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே. மரத்தறி, முன்னால் ஒரு மக்சிக் (மலாய் அம்மா). பட்டுப் பாவுக்கு நடுவே பொன்னிழையை ஒவ்வொன்றாக எண்ணி எண்ணிச் செருகுகிறார். வேலை மும்முரத்தில் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார், எண்ணிக்கை தவறிவிடும். ஒரு சாரத்துக்கு (கைலி) மாதக்கணக்கில் ஆகும். 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கலை. அந்தப் பட்டு நூல் எங்கிருந்து என்று கேட்டேன். ‘சீனா’ என்று சிரித்தார். இவ்வளவு புகழ்பெற்ற நெசவுக்கே நூல் கப்பலில் வருகிறது.

செம்பனை மகன், உன்னிடமிருந்து கூடு வாங்குகிறேன் என்பவர் யாருக்கு நூல் விற்பார் என்று கேள். இந்த மக்சிக்குக்கு விற்பதென்றால் சீன நூலைவிட மலிவாக, அதே சீராக, அதே தடிமனில் தர வேண்டும்.

குட்டி லயம் | செவ்வாய், இரவு 9.10

ஜப்பான்காரனே விட்டுவிட்டானே. ஒரு காலத்தில் 20 லட்சம் குடும்பத்துக்கு மேல் புழு வளர்த்த தேசம். நைலான் வந்தது, சண்டை வந்தது, முடிந்தது. இன்றைக்குச் சில நூறு வீடுகூடத் தேறாது. மகாராணி அரண்மனையில் வளர்க்கிறார், அது சம்பிரதாயத்துக்கு.

தர்மபுரிக்காரன் | புதன், நள்ளிரவு 12.55

அண்ணே, கடைசியாக ஒரு விஷயம், இதுதான் முக்கியம். செம்பனைக் குலையே வெட்டினால் ஒரு நாளில் ஆலைக்குப் போக வேண்டும், இல்லையா? கூடும் அப்படித்தான், காத்திருக்காது. கட்டிய ஐந்தாறு நாளில் பிரித்தெடுத்து, அடுத்த சில நாளில் விற்றாக வேண்டும். எங்களுக்குத் தர்மபுரியில் அரசாங்கக் கூடு அங்காடி இருக்கிறது, அந்தப் பக்கம் போனால் ராமநகரம். காலையில் கொட்டினால் ஏலம், நூல் எடுப்பவர்கள் நேரில் வந்து கையில் அள்ளிப் பார்த்து, குலுக்கிப் பார்த்து விலை கேட்பார்கள். இவர் விலை சரியில்லை என்றால் பக்கத்தில் இன்னொருவர் நிற்பார்.

உங்களுக்கு ஒரே ஒரு ஆள். அவர் ‘அடுத்த வாரம் வருகிறேன்’ என்றால் பூச்சி துளைத்துவிடும். உலர்த்தி வைக்கலாம், அதற்கு வெப்ப உலர்ப்பான் வேண்டும். அப்படியே எல்லாம் நன்றாக நடந்தாலும் 100 தொகுதிக்கு 60, 70 கிலோ கூடு, அதிலிருந்து பத்துக் கிலோ நூல். அதற்காக ஓர் ஆலை பீடோருக்கு வருமா?

பிளாக் 14 | புதன், காலை 6.20

அப்புறம் முட்டை எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து உயிருள்ள பூச்சியோ முட்டையோ கொண்டுவர விவசாயத் துறையின் அனுமதி வேண்டும். அந்தக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

செம்பனை மகன் | வெள்ளி, இரவு 8.30

நீங்கள் சொன்ன கேள்விகளை எல்லாம் தொகுத்து அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நூல் இழுக்கும் பட்டறை எங்கே? பிரித்த எத்தனையாவது நாள் வந்து எடுப்பீர்கள்? வராவிட்டால் யார் நஷ்டம்? குறைந்தபட்ச விலையை ஒப்பந்தத்தில் எழுதுவீர்களா? முட்டைக்கு அனுமதிக் கடிதம் உண்டா?

முதலில் ஒருவர் தம்ஸ்-அப் போட்டார். அடுத்து ‘எதிர்மறை எண்ணம் உள்ளவர்களால் முன்னேற முடியாது’ என்று ஒரு படம். அப்புறம் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். பக்கத்துக் கம்பத்தில் (கிராமத்தில்) இரண்டு பேர் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டார்கள், அவர்களுக்கு இந்த இழையை அனுப்பியிருக்கிறேன். ஒருவர் திருப்பிக் கேட்கப் போகிறேன் என்றார். இன்னொருவருக்கு என் மேல் கோபம்.

நிலத்துக்கு இப்போதைக்கு மறுநடவுதான். நடுவில் வாழையும் கொய்யாவும் போடலாம் என்று அம்மா சொல்கிறார். பீடோர்க் கொய்யாவுக்கு வியாபாரி வீட்டு வாசலுக்கு வருகிறார், பட்டுக்கூட்டுக்கு யாரும் வரப்போவதில்லை. வீட்டுப் பின்னால் பழத்துக்காக நட்ட மல்பெரி இரண்டு மரம் இருக்கிறது, அது இருந்துவிட்டுப் போகட்டும்.

வாத்தியார் தாப்பா | வெள்ளி, இரவு 9.00

மல்பெரி இருக்கிறதா! தம்பி, எங்கள் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அறிவியல் பாடத்துக்காகப் பட்டுப்புழு வளர்க்கலாம் என்று இருக்கிறேன். கோலாலம்பூரில் ஒரு ஆசிரியர் 30 புழு தருகிறேன் என்கிறார். இலைக்குத்தான் அலைகிறேன்.

தர்மபுரிக்காரன் | சனி, நள்ளிரவு 12.30

சார், 30 என்றால் ஒரு சப்பாத்துப் பெட்டி போதும். மழை ஈரத்தோடு இலை போடாதீர்கள், துடைத்துப் போடுங்கள். பெட்டி வைக்கும் மேசைக்கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் எறும்பு ஒரே ராத்திரியில் முடித்துவிடும். அந்த அறையில் கொசுவர்த்தி, பூச்சி மருந்து எதுவும் கூடாது. பள்ளியில் புகையடிக்கிற நாள் தெரிந்தால் முந்தின நாளே யாராவது வீட்டுக்குத் தூக்கிப் போய்விடுங்கள். கடைசி வாரத்துக்கு மட்டும் இலை நிறைய வேண்டும், அதற்கு மரத்தில் இப்போதே கொஞ்சம் கிளையைத் தொடாமல் மிச்சம் வையுங்கள். கூடு கட்டியதும் பாதியை வெந்நீரில் போட்டு நூல் எடுத்துக் காட்டுங்கள், பாதியைப் பூச்சியாக விடுங்கள். சன்மார்க்கி ஐயாவுக்கும் பாதித் திருப்தி.

சன்மார்க்கி | சனி, காலை 6.35

முழுவதையும் விட்டுவிட்டுத் துளைத்த கூட்டைப் பஞ்சாக நூற்றுக் காட்டலாமே? என்னிடம் பழைய தக்ளி ஒன்று இருக்கிறது, தருகிறேன்.

செம்பனை மகன் | சனி, காலை 7.50

வாத்தியாரே, இன்றைக்குப் பத்து மணிக்கு வீட்டில் இருப்பேன். பை எடுத்து வாருங்கள். நாயைக் கட்டிப்போட்டு வைக்கிறேன்.